விழுந்தானா, தட்டிவிட்டார்களா?

மூன்று வாரத்துக்கு முன்பு இந்தப் பகுதியில், யார் காலும் படாமலே மைதானத்தில் விழுந்து புரளும் பையன்களைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். "பெனால்டிக்காக விழுகிறவனை அடுத்த ஆட்டத்தில் வெளியே உட்கார வையுங்கள்" என்று கோச்சுகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் அஸ்தம்பட்டி வீட்டில் என் மேஜை நிறையக் கிடக்கின்றன. முப்பது வருடம் பி.டி. மாஸ்டராக இருந்தவன், சனி ஞாயிறு ஆனால் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு கிளம்பியவன் என்கிற முறையில், இவ்வளவு பேர் இதை நினைத்துக் கவலைப்படுவது எனக்குப் பெரிய சந்தோஷம். இந்த இதழில் மற்றக் கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டேன்.

மாஸ்டர், 2024 ஜூனில் கத்தாரோடு இந்தியா ஆடியதை என்னால் மறக்கவே முடியவில்லை. வெளியே போன பந்தை உள்ளே இழுத்துப் போட்ட கோல் அது. ஊரே பார்த்தது, ரெஃப்ரீக்கு மட்டும் கண் இல்லையா?
— கல்லூரி மாணவர், சூரமங்கலம்

தம்பி, அன்றைக்கு ராத்திரி எனக்கும் தூக்கம் இல்லை. சுனில் சேத்ரி ஓய்வு பெற்று ஐந்தே நாள் ஆகியிருந்தது. ஜூன் 11, தோஹா. சாங்டே போட்ட கோலில் நாம் 1-0 என்று முன்னால் இருந்தோம். ஜெயித்திருந்தால் உலகக் கோப்பைத் தகுதிப் போட்டியில் முதன்முறையாக மூன்றாவது சுற்றுக்குப் போயிருப்போம். 73-வது நிமிடத்தில் தலையால் முட்டிய பந்தை நம் கோல்கீப்பர் குர்பிரீத் தடுத்தார். அது அவரிடமிருந்து நழுவி, போஸ்டுக்குப் பக்கத்தில் கோட்டைத் தாண்டியது. நம் ஆட்கள் கார்னர் என்று நினைத்து நின்றுவிட்டார்கள். கத்தார்க்காரர் ஒருவர் பந்தைக் காலால் உள்ளே இழுத்துவிட, யூசுஃப் அய்மன் அடித்தார். கோல் என்று கை காட்டிவிட்டார்கள். 85-வது நிமிடத்தில் இன்னொன்று விழுந்தது. முடிந்தது கதை.

கண் இல்லையா என்று கேட்கிறாய். லைன்ஸ்மேன் நிற்கிற இடத்தை மனதில் போட்டுப் பார். 68 மீட்டர் அகல மைதானத்தில் பக்கக் கோட்டிலிருந்து கிட்டத்து கோல் போஸ்ட் 30 மீட்டர் தள்ளி இருக்கிறது. பந்தின் குறுக்களவு 22 சென்டிமீட்டர். அந்த 22 சென்டிமீட்டரும் முழுசாகக் கோட்டைத் தாண்டினால்தான் பந்து வெளியே. ஒரு நூல் கோட்டின் மேல் தொங்கினாலும் ஆட்டம் நடக்கிறது என்றுதான் கணக்கு. இதற்கு நடுவில் ஆறடிக்கு மேல் உயரமான கோல்கீப்பர் தரையில் கிடக்கிறார், சுற்றிலும் கால்கள். ரெஃப்ரீ எதிரில் இருந்து பார்க்கிறார். எதிரில் இருந்து பார்க்கிறவருக்குப் பந்துக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி தெரியாது.

தீர்ப்பு தவறுதான், அதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் அந்த ஆட்டத்தில் வீடியோ மறுபரிசீலனை கிடையாது. டி.வி. வைத்திருந்த ஒவ்வொரு வீட்டிலும் இருந்த படம், தீர்ப்புச் சொல்ல வேண்டிய மூன்று பேருக்கு மட்டும் இல்லை. எனக்கு ஆத்திரம் வருவது அந்த ஏற்பாட்டின் மேல்தான். அரை நிமிடம் நிறுத்திப் பார்த்திருந்தால் போதும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: விசில் சத்தம் காதில் விழும் வரை கால் நிற்கக்கூடாது. நம் பிள்ளைகள் அன்றைக்கு நின்றது எனக்கு இன்னும் வலிக்கிறது.

வணக்கம் மாஸ்டர். என் மகனுக்கு 12 வயது. காலையில் ஃபுட்பால் கோச்சிங் போகிறான். "பாக்ஸுக்குள்ளே யாராவது மேலே பட்டால் உடனே விழு" என்று அங்கே சொல்கிறார்களாம். வீட்டில் தம்பியோடு விளையாடும்போதும் காலைப் பிடித்துக்கொண்டு கத்துகிறான். கேட்டால், டி.வி.யில் பெரிய பெரிய ஆட்களே செய்கிறார்களே என்கிறான். நான் என்ன சொல்லட்டும்?
— ஒரு தாய், அம்மாப்பேட்டை

அம்மா, முதலில் அந்தக் கோச்சை நேரில் பார்த்துக் கேளுங்கள். "உண்மையிலேயே தட்டிவிட்டால் முறுக்கிக்கொண்டு நிற்கப் பார்க்காதே, கணுக்கால் போய்விடும், விழுந்துவிடு" என்று சொல்லியிருந்தால் அது நல்ல பாடம். நானும் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். "பட்டாலே விழு" என்று சொல்லியிருந்தால் பையனை வேறு இடத்தில் சேருங்கள். அடிபடாமல் அடிபட்டதுபோல் நடித்தால் மஞ்சள் அட்டை என்று 1999-லேயே விதி எழுதியாகிவிட்டது.

பெரிய ஆட்கள் செய்கிறார்கள் என்கிறானே, அவனுக்கு இரண்டு பேரைக் காட்டுங்கள். ஒருவர் ரிவால்டோ. 2002 உலகக் கோப்பை, பிரேசிலும் துருக்கியும் ஆடுகிறார்கள், கடைசி நிமிடங்கள். கார்னர் அடிக்க நிற்கும் ரிவால்டோவை நோக்கித் துருக்கி வீரர் ஹக்கான் உன்சால் பந்தைக் கோபமாக உதைத்தார். பந்து பட்டது காலில். ரிவால்டோ முகத்தைப் பொத்திக்கொண்டு சுருண்டு விழுந்தார். உன்சாலுக்கு இரண்டாவது மஞ்சள், அதனால் சிவப்பு. பிறகு படத்தைப் பார்த்த ஃபிஃபா ரிவால்டோவுக்கு அபராதம் போட்டது. அந்த வருடம் கோப்பையே பிரேசிலுக்குத்தான். எவ்வளவு அழகாக ஆடிய மனிதர்! ஆனால் அவர் பேரை எடுத்தாலே எனக்கு அந்தக் கார்னர் கொடிதான் கண்ணில் வந்து நிற்கிறது.

இன்னொருவர் ஜெர்மனியின் மிரோஸ்லாவ் குளோசா. உலகக் கோப்பைகளில் 16 கோல் போட்டவர். 2012-ல் இத்தாலியில் லாசியோ அணிக்காக நேப்போலியோடு ஆடும்போது பந்து அவர் கையில் பட்டு கோலுக்குள் போனது. ரெஃப்ரீ கவனிக்கவில்லை, கோல் கொடுத்துவிட்டார். குளோசா போய், "கையில் பட்டது" என்றார். கோல் ரத்து. எதிரணிக்காரர்கள் வந்து கை கொடுத்தார்கள். அன்றைக்கு லாசியோ 3-0 என்று தோற்றது, அதையும் பையனிடம் மறைக்காதீர்கள். உண்மை சொன்னால் உடனே ஜெயித்துவிடலாம் என்று சொல்லி வளர்த்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அது பொய் என்று கண்டுபிடித்துவிடுவான்.

தம்பியோடு ஆடும்போது கத்துகிறான் என்றீர்களே, எனக்கு அதுதான் கவலை. "புலி வருது" கதைதான். நிஜமாகவே முழங்கால் திரும்பிப்போய்க் கத்துகிற நாளில் பக்கத்தில் இருப்பவர்கள் ஓடி வர வேண்டும் அல்லவா?

1986-ல் மாரடோனா கையால் போட்ட கோலைத் திறமை என்பதா, திருட்டு என்பதா?
— வாசகர், செவ்வாய்ப்பேட்டை

திருட்டு. நான்கு நிமிடம் கழித்து அதே இங்கிலாந்துக்கு எதிராக, தன் பாதி மைதானத்தில் பந்தை வாங்கி, வரிசையாக ஆட்களைத் தாண்டி ஓடிப் போட்டாரே, அது திறமை. இரண்டையும் ஒரே மனிதர் ஒரே மத்தியானத்தில் செய்தார். ரெஃப்ரீ துனீசியாவின் அலி பின்னாசர். கை அவர் பார்வைக்குத் தெரியவில்லை. லைன்ஸ்மேனைப் பார்த்தார், அங்கிருந்தும் கொடி எழவில்லை. 2015-ல் மாரடோனா துனீசியாவில் அவர் வீட்டுக்கே போய்க் கையெழுத்துப் போட்ட ஜெர்சியைக் கொடுத்தார். போனது எனக்குப் பிடித்திருந்தது.

நடிக்கிறவர்களை இவ்வளவு கடுமையாகச் சொல்கிறீர்களே, நீங்கள் தவறாக அட்டை காட்டியதே இல்லையா? ஏற்காட்டில் பனி இறங்கிய ஒரு ஃபைனலில் நீங்கள் விசில் ஊதியபோது கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தவன் நான்.
— வாசகர், நாகலூர்

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எந்த ஆட்டம் என்று எனக்குத் தெரியும். அணியின் பேரும் பையனின் பேரும் வேண்டாம். நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

ஏழு வருடம் ஆகிறது. மே மாதம். காப்பித் தோட்டங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கான போட்டி. காலையில் செமிஃபைனல், சாயங்காலம் ஃபைனல், இரண்டுக்கும் நான்தான் ரெஃப்ரீ. காலை ஆட்டத்தில் ஒரு ஃபார்வர்டு பாக்ஸுக்குள் சுருண்டு விழுந்தான். பெனால்டி கொடுத்தேன், அடித்தார்கள், கோல். திரும்பி நடந்து வரும்போது அவன் தன் கூட்டாளியைப் பார்த்துக் கண்ணடித்தது என் கண்ணில் பட்டது. இனி என்ன செய்ய முடியும்? அந்த ஒரு பெனால்டியில் எதிரணி வெளியே போனது. பாறை மேல் உட்கார்ந்திருந்த ஒருவர், "மாஸ்டருக்கு வயசாயிடுச்சுப்பா" என்றார். மத்தியானம் சோறு எனக்கு இறங்கவில்லை. இன்னொரு தடவை எவனும் என்னை ஏமாற்ற முடியாது என்று நெஞ்சுக்குள் ஒரு வைராக்கியம் வந்து உட்கார்ந்துவிட்டது. தவறு அங்கேதான் ஆரம்பித்தது. விசில் ஊதப் போகிறவன் அப்படி ஒரு நினைப்போடு மைதானத்தில் இறங்கக்கூடாது.

ஃபைனலில் இரண்டாம் பாதி பாதி ஓடியிருக்கும், பள்ளத்துப் பக்கமிருந்து மேகம் ஏறியது. ஏற்காட்டுக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கண் மூடித் திறப்பதற்குள் சில்வர் ஓக் மரங்கள் மறைந்து தண்டு மட்டும் தெரியும். நடுவில் நின்றால் இரண்டு கோல் போஸ்டும் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். மங்கலாகத் தெரிந்தது. ஆடட்டும் என்று விட்டேன்.

ஸ்கோர் 1-1. வலது பக்கம் ஆடிக்கொண்டிருந்தவன் 19 வயதுப் பையன், ஒல்லி, காற்று மாதிரி ஓடுவான். ஃப்ரீ கிக் கொடுத்த பிறகு பந்தைத் தள்ளி உதைத்ததற்கு முதல் பாதியில் அவனுக்கு ஒரு மஞ்சள் காட்டியிருந்தேன். பந்தை வாங்கிக் கோட்டோரமாகவே போய் பாக்ஸுக்குள் திரும்பினான். நான் 25 மீட்டர் பின்னால். அந்த வயதில் என் முழங்கால் அவன் வேகத்துக்கு வரவில்லை. எனக்கும் அவனுக்கும் நடுவில் இரண்டு பேர். டிஃபன்ஸ்காரன் பின்னாலேயே ஓடினான், பந்தை நோக்கிக் காலே நீட்டவில்லை. பையன் திடீரென்று இரண்டு கையையும் மேலே வீசிக்கொண்டு குப்புற விழுந்தான்.

இரண்டு கையும் மேலே போனால் நடிப்பு என்று நாங்கள் படித்திருக்கிறோம். நிஜமாகத் தடுக்கி விழுகிறவன் கை தரையைத் தேடும், முகத்தைக் காப்பாற்றப் பார்க்கும். நடிக்கிறவன் நெஞ்சை வளைத்துக் கையை வானத்துக்கு வீசுவான், தரையில் படுவதற்கு முன்பே ரெஃப்ரீ முகத்தைப் பார்த்துவிடுவான். பெரும்பாலும் சரியாக வரும் அடையாளம்தான். இவன் என் முகத்தைப் பார்த்தானா என்று அந்தப் பனியில் எனக்குத் தெரியாது. கை போனதைப் பார்த்தேன், காலையில் கண்ணடித்த முகம் ஞாபகம் வந்தது. விசில். மஞ்சள். அடுத்து சிவப்பு.

"கால்ல பட்டுச்சுங்க சார்" என்றான். ஒரே ஒரு தடவை. கத்தவில்லை, என்னைத் தள்ளவில்லை. கோட்டைத் தாண்டியதும் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். பத்துப் பேராக ஆடிய அவன் அணி 2-1 என்று தோற்றது.

பரிசு கொடுக்கும்போது ஒரு இளைஞர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், கோபப்படாம இதப் பாருங்க." கையில் போன். கோல் போஸ்டுக்குப் பின்னாலிருந்து எடுத்த படம், அந்தப் பக்கம் பனி அவ்வளவாக இல்லை. ஓடுகிற பையனின் பின்கால் தரையை விட்டு எழும்புகிறது. பின்னால் வந்தவனின் பூட்ஸ் முனை அந்தக் குதிகாலில் லேசாகத் தட்டுகிறது, ஒரு கொட்டு மாதிரி. தட்டுப்பட்ட கால் தன் இன்னொரு காலின் ஆடுசதையிலேயே போய் இடிக்கிறது. முழு வேகத்தில் ஓடுகிறவனுக்கு இரண்டு காலும் பின்னிக்கொண்டால் கை எங்கே போகும் என்று அவனால் சொல்ல முடியாது. என் பக்கத்திலிருந்து பார்த்தால் தானாகவே தடுக்கி விழுந்ததுபோலத்தான் இருக்கும். பந்தாட்டத்தில் மிக மோசமாக ஏமாற்றும் ஃபவுல் இது. சுத்தமான பெனால்டி. அந்தப் படத்தைப் பதினொரு தடவை ஓட்டிப் பார்த்தேன். பிறகு அந்த இளைஞரிடம் போனைத் திருப்பிக் கொடுக்க என் கை நடுங்கியது.

முடிவை மாற்ற முடியாது. ஆட்டம் முடிந்து கோப்பையும் கொடுத்தாகிவிட்டது. அனுமதியில்லாத படத்தைப் பார்த்து ரெஃப்ரீ தீர்ப்பை மாற்ற விதியிலும் இடமில்லை. போட்டி நடத்தியவர்களுக்கு அன்று ராத்திரியே என் கைப்பட எழுதிக் கொடுத்தேன்: பையன் நடிக்கவில்லை, தவறு என்னுடையது. அவனுக்கு அடுத்த ஆட்டத்துக்கு இருந்த தடையை எடுத்தார்கள்.

மறுநாள் சேலத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, அங்கிருந்து நடந்து அவர்கள் லைன் வீட்டுக்குப் போனேன். அம்மா மிளகு காய வைத்துக்கொண்டிருந்தார்கள். பையன் வெளியே வந்தான், வலது குதிகாலுக்கு மேலே தோல் உரிந்து மஞ்சள் பூசியிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைங்க சார்" என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "நான் நடிக்கலன்னு எங்கம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க சார்" என்றான். நேற்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பிள்ளைகள் அவனை நடிகன் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். சொன்னேன். அந்த அம்மா என்னைப் பார்க்காமல் மிளகைக் கிளறிக்கொண்டே, "அவன் பொய் சொல்ல மாட்டாங்க" என்றார்கள்.

கோலைத் தவறாகக் கொடுத்தால் ஒரு ஆட்டம் போகும். நடித்தான் என்று தவறாகச் சொன்னால் ஒரு பையனுடைய பேர் போகும். நடிக்கிறவர்கள் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வருவது இதனால்தான் ஐயா. காலையில் கண்ணடித்தவன் ஏமாற்றியது என்னை மட்டும் என்றால் போய்த் தொலையட்டும் என்று விடுவேன். சாயங்காலம் உண்மையாக அடிபட்டு விழுந்தவனுக்குக் கிடைக்க வேண்டிய நம்பிக்கையை அவன் முன்கூட்டியே எடுத்துக்கொண்டு போய்விட்டான். வீடியோ வேண்டும் என்று நான் கேட்பதும் அந்த லைன் வீட்டு வாசலில் நின்ற நாளிலிருந்துதான்.

வி.ஏ.ஆர். என்கிற வீடியோ ரெஃப்ரீ வந்த பிறகு கோல் விழுந்தாலும் மனசாரக் கத்த முடியவில்லை மாஸ்டர். மூன்று நிமிடம் கோடு போட்டுப் பார்த்து அக்குள் ஆஃப்சைட் என்கிறார்கள். அவ்வளவு செய்தும் தப்பு நடக்கிறது. இது தேவையா?
— பெங்களூரில் வேலை பார்க்கும் ஃபேர்லேண்ட்ஸ்காரர்

தேவை. ஆனால் உங்கள் ஆதங்கத்தில் பாதி நியாயம்.

2018 மார்ச்சில் விதி வகுக்கும் குழு இதற்கு அனுமதி கொடுத்தபோது நான்கே விஷயத்துக்குத்தான் கொடுத்தது: கோலா இல்லையா, பெனால்டியா இல்லையா, நேரடி சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டியது. அதிலும் பளிச்சென்று தெரியும் பிழையாக இருந்தால்தான் வீடியோ ரெஃப்ரீக்கள் உட்காரும் திரையறையிலிருந்து குறுக்கிடலாம். அந்த வருடம் ஜூனில் ரஷ்யாவில் பிரான்ஸும் ஆஸ்திரேலியாவும் ஆடியபோது, உலகக் கோப்பையில் முதன்முதலாக வீடியோ பார்த்து பெனால்டி கொடுத்தார்கள். கிரீஸ்மன் அடித்தார். எனக்கு அதைவிடப் பிடித்தது ஆறு நாள் கழித்து நடந்தது. பிரேசில்–கோஸ்டாரிகா, கோல் இல்லாத ஆட்டம், நேரம் போய்க்கொண்டிருக்கிறது. நெய்மார் பாக்ஸுக்குள் பின்னால் சாய்ந்து விழுந்தார், ரெஃப்ரீ குய்ப்பர்ஸ் பெனால்டி கொடுத்தார். பிறகு ஓரத்துக்குப் போய்த் திரையில் பார்த்தார், திரும்பி வந்து கையசைத்து ரத்து செய்தார். அத்தனை லட்சம் பேர் முன்னால் "நான் ஏமாந்துவிட்டேன்" என்று ஒப்புக்கொள்ள ஒரு ரெஃப்ரீக்குக் கிடைத்த வழி அது. ஏற்காட்டில் அன்று காலை எனக்கு அது இருந்திருந்தால்! பிரேசில் கடைசி நேரத்தில் இரண்டு கோல் போட்டு நியாயமாகவே ஜெயித்தது.

சாயங்கால ஆட்டத்துக்கும் அது உதவியிருக்கும். விழுந்தது பாக்ஸுக்குள், பெனால்டி சம்பந்தப்பட்டது, அதனால் பார்க்கலாம்; பெனால்டி என்று தெரிந்துவிட்டால் நடித்ததற்கான அட்டையும் தானாகப் போய்விடும். அதே பையன் ஒரு அடி வெளியே விழுந்திருந்தால் 2018 விதிப்படி இரண்டாவது மஞ்சளைப் பார்க்க வழியில்லை. அந்த ஓட்டை எனக்கு ஆரம்பத்திலிருந்தே உறுத்தல்.

அக்குள் விஷயம்: கூட்டாளி பந்தை உதைக்கும்போது எதிரணியின் கடைசி டிஃபன்ஸ்காரரைத் தாண்டி முன்னால் நிற்பதுதான் ஆஃப்சைட். அதற்குக் கை கணக்கில்லை, தோளிலிருந்து அக்குளின் அடி வரை உடம்பு. 2022-ல் கத்தாரில் கூரைக்கு அடியில் 12 கேமரா வைத்து, ஒவ்வொரு ஆட்டக்காரர் உடம்பிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 தடவை கணக்கெடுத்தார்கள். பந்துக்குள் இருந்த கருவி நொடிக்கு 500 தடவை செய்தி அனுப்பியது. கோடு போட்டுக்கொண்டு உட்காரும் நேரம் அதனால் குறைந்தது.

தப்பு இன்னும் நடக்கிறது என்றீர்கள். லிவர்பூல் ரசிகராக இருப்பீர்கள். 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹமுக்கு எதிராக லூயிஸ் டியாஸ் போட்டது நல்ல கோல். மைதானத்தில் ஆஃப்சைட் என்று கொடி தூக்கியிருந்தார்கள். திரையறையில் இருந்தவரோ மைதானத்தில் கோல் கொடுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, சரி பார்த்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டார். ஆட்டம் தொடங்கிய பிறகுதான் உள்ளே அலறல். தொடங்கிய பிறகு திருப்ப முடியாது. பிற்பாடு அந்த ஒலிப்பதிவைக் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கேமரா எதுவும் பொய் சொல்லவில்லை, "மைதானத்தில் என்ன தீர்ப்பு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

எனக்கு இரண்டு ஆசை உண்டு. ரெஃப்ரீ மைக்கைப் பிடித்துக் காரணத்தைக் கூட்டத்துக்குச் சொல்ல வேண்டும். 2023 பெண்கள் உலகக் கோப்பையில் அப்படிச் செய்தார்கள், பார்க்கவே நிறைவாக இருந்தது. இரண்டாவது, மெதுவாக ஓடும் படத்தை எங்கே கால் பட்டது என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு வேகமாகப் பட்டது என்பதை நிஜ வேகத்தில்தான் பார்க்க வேண்டும். மெதுவாக ஓட்டினால் தோளில் கை வைத்ததுகூடக் கொலைக் குற்றம் மாதிரித் தெரியும். விதியில் இது இருக்கிறது, கடைப்பிடிக்க வேண்டும்.

எங்கள் மாவட்டத்து நடராஜன் பந்து போடுகிற கிரிக்கெட்டில் கேப்டனே கையைக் குறுக்கே வைத்து ரிவ்யூ கேட்கிறார். ஃபுட்பாலில் ஏன் அணிக்கு அந்த உரிமை இல்லை?
— வாசகர், வாழப்பாடி

நல்ல கேள்வி. கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்கும் பிறகு ஆட்டம் தானாக நிற்கிறது, கேட்க இடம் இருக்கிறது. பந்தாட்டத்தில் அது இல்லை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் 2024-ல் ஃபிஃபா அதையும் முயன்று பார்த்தது. கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் ஒவ்வொரு கோச்சுக்கும் இரண்டு தடவை கேட்கும் உரிமை. கேட்டது சரியாக இருந்தால் அந்த உரிமை கையிலேயே இருக்கும். தனியாகத் திரையறை கிடையாது, அதில் உட்கார ரெஃப்ரீக்கள் கிடையாது. இருக்கிற சில கேமரா படத்தை ரெஃப்ரீயே ஓரத்தில் போய்ப் பார்த்துக்கொள்வார்.

என் ஆசையெல்லாம் இதன் மேல்தான். பெரிய ஸ்டேடியத்து ஏற்பாடு நம் மாவட்டப் போட்டிக்கு வரப்போவதில்லை. இரண்டு கேமரா, ஒரு திரை, கோச்சுக்கு இரண்டு வாய்ப்பு என்றால் என்றைக்காவது நம் ஊர் ஃபைனலுக்கும் வரும்.

ஐயா, நான் பி.எட். படிக்கிறேன், ரெஃப்ரீ ஆக ஆசை. பெண் பிள்ளை போய் ஆண்கள் ஆட்டத்தில் விசில் ஊதினால் கேட்பார்களா என்கிறார்கள் வீட்டில்.
— மாணவி, ஓமலூர்

கேட்பார்கள்மா. 2022 உலகக் கோப்பையில் ஜெர்மனியும் கோஸ்டாரிகாவும் ஆடியபோது விசில் ஊதியவர் பிரான்ஸின் ஸ்டெஃபனி ஃப்ராப்பார். இரண்டு பக்கம் கொடி பிடித்ததும் பெண்கள். நம் நாட்டுக்காரரும் அங்கே போயிருக்கிறார்: 2002 உலகக் கோப்பையில் நம் கோமளீஸ்வரன் சங்கர் கொடி பிடித்தார். மாவட்டச் சங்கத்தில் ரெஃப்ரீ தேர்வு எப்போது என்று கேட்டு எழுது. அதுவரை தினமும் ஓடு. நேராக மட்டும் அல்ல. பந்திலிருந்து கண்ணை எடுக்காமல் பக்கவாட்டில் ஓடிப் பழகு. வீட்டு மொட்டை மாடியில் விசில் ஊதிப் பழகு: சாதாரண ஃபவுலுக்குச் சின்னதாக, பெனால்டிக்கு நீளமாக, ஒரே மூச்சில். தயங்கி ஊதுகிற விசிலைத்தான் யாரும் கேட்கமாட்டார்கள்.

மாஸ்டர், வர ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் மேட்ச். நான் ஆடவில்லை, போனில் முழு ஆட்டத்தையும் எடுக்கலாம் என்று இருக்கிறேன். எங்கே நிற்கட்டும்?
— வாசகர், வெள்ளக்கடை

ரொம்ப நல்லது தம்பி. கோல் போஸ்டிலிருந்து 16.5 மீட்டர் தள்ளி பாக்ஸ் கோடு வருகிறது அல்லவா, அதற்கு நேராகப் பக்கக் கோட்டுக்கு வெளியே நில். மேடு இருந்தால் மேட்டில் ஏறிக்கொள், கால்கள் ஒன்றை ஒன்று மறைக்காது. போனைப் படுக்கையாகப் பிடி. பந்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறேன் என்று பின்னாலேயே திருப்பாதே. பாக்ஸ் முழுக்கத் தெரிகிற மாதிரி ஒரே இடத்தில் வை. இன்னொரு நண்பர் கிடைத்தால் கோல் போஸ்டுக்குப் பின்னால் நிற்க வை, குதிகாலில் தட்டுவது அங்கிருந்துதான் தெரியும். பனி ஏறினால் லென்ஸை வேட்டி முனையில் துடைத்துக்கொண்டே இரு.

ஆட்டம் நடக்கும்போது போனை நீட்டிக்கொண்டு ரெஃப்ரீயிடம் ஓடாதே, அவர் அதைப் பார்த்து எதையும் மாற்ற முடியாது, கூட்டத்தில் சண்டைதான் வரும். முடிந்த பிறகு, அவர் தண்ணீர் குடித்து உட்கார்ந்ததும், தனியாகக் கூப்பிட்டுக் காட்டு.